ஆட்டுமந்தையிலிருந்து அவைக்கு: ஒரு பிரிட்டிஷ் மலைத்தொகுதி எம்.பி.யின் அன்றாடம்

2018 ஜூன் மாதத் தொடக்கத்தில், இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் ஏரிக்கரையோரம் இருக்கும் விண்டர்மியர் ஊருக்கு ரயில் வருவது நின்றுபோனது. அதற்கு முந்தைய மாதம் அமலுக்கு வந்த புதிய கால அட்டவணையை ஓட்டுவதற்குப் போதிய ஓட்டுநர்கள் இல்லாமல் திணறிக்கொண்டிருந்த நார்தர்ன் ரயில் நிறுவனம், ஆக்ஸன்ஹோமிலிருந்து விண்டர்மியர் வரையிலான சுமார் 16 கிலோமீட்டர் கிளைப்பாதையில் எல்லா ரயில்களையும் நிறுத்திவிட்டு, பதிலுக்குப் பேருந்துகளை விட்டது. சுற்றுலாப் பருவம் உச்சத்தை எட்டும் நேரம் அது. அந்தத் தொகுதியின் எம்.பி. டிம் ஃபாரன், பக்கத்து ஊரான கார்ன்ஃபோர்த்தைத் தளமாகக் கொண்டு நீராவி ரயில் சுற்றுலாக்களை நடத்திவரும் வெஸ்ட் கோஸ்ட் ரயில்வேஸ் நிறுவனத்தோடு பேசி, அவர்களிடம் சும்மா நிற்கும் எஞ்சின்களைக் கொண்டு இந்தப் பாதையில் ரயில் ஓட்டலாம் என்ற யோசனையைப் போக்குவரத்துத் துறையிடம் கொண்டுபோனார். ஜூன் 18 முதல் இரண்டு வார காலம், பழைய டீசல் எஞ்சின்கள் அதைவிடப் பழைய பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஆக்ஸன்ஹோமுக்கும் விண்டர்மியருக்கும் இடையே போய்வந்தன.

இதில் கவனிக்க வேண்டியது, ஃபாரனுக்கு ரயில்வேயின் மீது எள்ளளவும் அதிகாரம் கிடையாது என்பதுதான். அவர் ஆளுங்கட்சிக்காரரும் அல்லர். லிபரல் டெமாக்ரட் என்ற சிறிய கட்சியைச் சேர்ந்தவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் கட்சித் தலைவர் பதவியிலிருந்தும் விலகியிருந்தார். எஞ்சின் வைத்திருப்பவர் யார், அனுமதி தர வேண்டியவர் யார், செலவை ஏற்க வேண்டியவர் யார் என்று தெரிந்துகொண்டு, மூவரையும் ஒரே பேச்சுக்குள் கொண்டுவந்ததே அவர் செய்த வேலை. பிரிட்டனின் கிராமப்புற எம்.பி.க்கள் செய்யும் பணியின் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது என்பதால், அதைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறு வாசல் கிடைக்காது.

பிரிட்டிஷ் எம்.பி.க்கு எழுதிவைத்த பணி விவரம் என்று எதுவும் இல்லை. தொகுதி மேம்பாட்டு நிதி என்ற ஒன்றும் இல்லை. ஒரு குடிநீர்க் குழாய் போடவோ ஒரு பள்ளிக்குக் கூரை வேயவோ அவர் கையெழுத்தில் ஒரு பவுண்டு கூட நகராது. சாலையும் குப்பையும் வீட்டு அனுமதியும் உள்ளாட்சி மன்றத்தின் கையில். மருத்துவமனை தேசிய சுகாதாரச் சேவையின் கையில். விவசாய மானியம் சுற்றுச்சூழல் மற்றும் உணவுத் துறையின் கீழ் இயங்கும் கிராமப்புறக் கொடுப்பனவு முகமையின் கையில். எம்.பி.யிடம் இருப்பது கேட்கும் உரிமை ஒன்றுதான். பச்சை நிறத்தில் கோட்டைக் கதவுச் சின்னம் பொறித்த நாடாளுமன்றக் கடிதத்தாளில் அவர் ஒரு துறைக்கு எழுதினால், அமைச்சர் கையெழுத்திட்டுப் பதில் அனுப்புவது மரபு. அதிகாரியின் மேசையில் ஆறு மாதமாகத் தூங்கிய விண்ணப்பத்தை எழுப்புவதற்கு அந்த மரபு பல நேரம் போதுமானதாக இருக்கிறது. 2009ஆம் ஆண்டு எம்.பி.க்களின் செலவுக் கணக்கு முறைகேடுகள் வெளியாகி நாடே கொதித்த பிறகு, அவர்களது ஊழியர் செலவையும் அலுவலகச் செலவையும் தனி அமைப்பு ஒன்று கணக்குப் பார்த்து வழங்குகிறது. அந்தப் பணத்தில் அமர்த்தப்படும் ஊழியர்களில் பலர் லண்டனில் அல்ல, தொகுதி அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருப்பவர்கள்.

திங்கள் முதல் வியாழன் வரை லண்டனில் நாடாளுமன்றம் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர், வெள்ளியும் சனியும் தொகுதி என்பது பொதுவான வாரக் கணக்கு. தொகுதியில் மக்களை நேரில் பார்க்கும் அமர்வுக்கு அங்கே 'சர்ஜரி' என்று பெயர். முதன்முதலாகக் கேட்பவருக்கு இந்தச் சொல் திகைப்பைத் தரும். ஆனால் பிரிட்டிஷ் வழக்கில் சர்ஜரி என்பது அறுவை மட்டும் அல்ல, மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கும் இடத்துக்கும் அதுவே பெயர். ஆளுக்குச் சில நிமிடம், ஒரு மேசை, ஒரு குறிப்பேடு, பக்கத்தில் ஒரு ஊழியர் என்ற அளவில், ஊர் மண்டபத்திலோ நூலகத்திலோ இந்த அமர்வு நடக்கும். நகரத் தொகுதியில் வருகிறவர்களும் கிராமத் தொகுதியில் வருகிறவர்களும் கொண்டுவரும் குறைகளில் பாதி ஒன்றுதான்: உதவித்தொகை நின்றுவிட்டது, வாடகை வீடு கிடைக்கவில்லை, பல் மருத்துவரிடம் இடம் இல்லை. கிராமத்தில் கூடுதலாகச் சேர்வது தூரம்.

தூரம் எப்படி ஒரு அரசியல் பிரச்சினையாகிறது என்பதற்கு ஃபாரனின் தொகுதியிலேயே சான்று உண்டு. வெஸ்ட்மார்லாந்து அண்ட் லான்ஸ்டேல் என்ற அந்தத் தொகுதியின் முக்கிய ஊர் கென்டல். அங்கே பொது மருத்துவமனை இருக்கிறது. ஆனால் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் வசதி இல்லை. அதற்கு 70 கிலோமீட்டர் அளவில் தெற்கே பிரஸ்டன் நகருக்குப் போக வேண்டும். கதிர்வீச்சு ஒரு நாளில் முடிகிற சிகிச்சை அன்று. வார நாள்களில் தினந்தோறும், சிலருக்கு வாரக்கணக்கில் தொடர்வது. சில நிமிடச் சிகிச்சைக்காக, மலைப் பள்ளத்தாக்கில் வசிக்கும் வயதானவர் போகவர மூன்று மணி நேரம் சாலையில் கழிக்கிறார். அந்தப் பயணத்துக்கு அஞ்சி, சிகிச்சையையே வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு என்பது ஃபாரன் அவையில் பலமுறை எடுத்துச்சொல்லும் வாதம். கென்டலில் ஒரு கதிர்வீச்சுப் பிரிவு வேண்டும் என்று அவர் பல்லாண்டுகளாகக் கேட்டுவருகிறார். ரயிலை இரண்டு வாரத்தில் ஓடவைக்க முடிந்தவருக்கு இதைச் சாதிப்பது எளிதாக இல்லை. காரணம், இதற்குச் சும்மா நிற்கும் எஞ்சின் எதுவும் பக்கத்து ஊரில் இல்லை. பெரும் முதலீடும் நிபுணர்களும் தேவைப்படும் கோரிக்கையில், கேட்கும் உரிமை மட்டும் வைத்திருப்பவரின் எல்லை உடனே தெரிந்துவிடுகிறது.

இனி ஆடுகள். விண்டர்மியர் இருக்கும் ஏரி மாவட்டத்தின் (லேக் டிஸ்ட்ரிக்ட்) மலைகளில் வேலி கிடையாது. பல பண்ணைகளின் மந்தைகள் ஒரே பொது மேய்ச்சல் மலையில் மேய்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தனக்குரிய பகுதியை விட்டு நகர்வதில்லை. தாய் ஆடு குட்டியோடு சுற்றும்போதே அந்த எல்லை குட்டிக்குப் படிந்துவிடுகிறது. அந்தக் குட்டி வளர்ந்து தன் குட்டிக்குச் சொல்லிக்கொடுக்கிறது. நூற்றாண்டுகளாகத் தொடரும் இந்தப் பழக்கத்துக்கு ஆங்கிலத்தில் 'ஹெஃப்ட்' என்றும், இந்த மலைகள் அடங்கிய கம்ப்ரியாவின் பேச்சு வழக்கில் 'ஹீஃப்' என்றும் பெயர். ஆகவே அங்கே பண்ணையை விற்கும்போதும் குத்தகைக்கு விடும்போதும் ஆடு நிலத்தோடு சேர்ந்தே கைமாறுவது வழக்கம். மந்தையைப் பிரித்து ஓட்டிச்சென்றால் அந்த மலையின் வரைபடத்தையே எடுத்துக்கொண்டு போனது போல ஆகிவிடும். பிறக்கும்போது கறுப்பாக இருந்து வயது ஏற ஏற நரைத்து வெளுக்கும் ஹெர்ட்விக் என்ற இனமே இந்த மலைகளுக்குரியது. 2017இல் ஏரி மாவட்டத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, இந்த மேய்ச்சல் முறையும் அதற்கான காரணங்களில் ஒன்றாக இருந்தது.

2001இல் கோமாரி நோய் பரவியபோது இந்த வரைபடம் அழியும் ஆபத்து நேர்ந்தது. பிப்ரவரியில் எசெக்ஸில் ஒரு இறைச்சிக்கூடத்தில் நோய் கண்டறியப்பட்டதிலிருந்து அந்த ஆண்டு முழுவதும் 2,000க்கும் மேற்பட்ட இடங்களில் தொற்று உறுதியானது. அறுபது லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் கொல்லப்பட்டன. மிக மோசமாக அடிவாங்கியது கம்ப்ரியா மாவட்டம். கார்லைலுக்கு அருகே கிரேட் ஆர்ட்டன் என்ற பழைய விமானத்தளத்தில் குழிகள் தோண்டி லட்சக்கணக்கான ஆடுகளைப் புதைத்தார்கள். மே 3 அன்று நடப்பதாக இருந்த உள்ளாட்சித் தேர்தல் ஜூன் 7க்குத் தள்ளிப்போனது. அதே நாளில் பொதுத்தேர்தலும் நடந்தது. கால்நடை நோய் ஒன்று ஒரு நாட்டின் தேர்தல் தேதியை மாற்றிய அந்த வசந்தத்தை அங்குள்ள குடியானவர்கள் மறக்கவில்லை. நோய்க்குப் பிறகு மந்தையை இழந்தவர்கள் வெளியிலிருந்து ஆடு வாங்கி, மலையில் கூடவே நின்று மேய்த்து, எல்லையைப் புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிந்தைய தேர்தலில், 2005இல், வெறும் 267 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து ஃபாரன் அவைக்கு வந்தார்.

அவர் வந்த காலத்தில் விவசாயிகளின் அஞ்சல்பை வேறொரு விஷயத்தால் நிரம்பிக்கொண்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மானிய முறை அந்த ஆண்டு மாற்றப்பட்டது. எத்தனை ஆடு என்று கணக்கிட்டுத் தருவதை விட்டு, எவ்வளவு நிலம் என்று அளந்து தரும் முறை வந்தது. இங்கிலாந்தில் அதைக் கையாண்ட கொடுப்பனவு முகமை தடுமாறிப் போய், கொடுக்க வேண்டிய பணத்தை மாதக்கணக்கில் தாமதித்தது. 2006 மார்ச்சில் அதன் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பத்தாண்டுக்குப் பின் அடுத்த முறை மாறியபோதும் இதே கதைதான்: 2015இல் நிலத்தின் எல்லைகளை இணையத்தில் வரைந்து காட்டச் சொன்ன வரைபட வசதி செயல்படாமல் போக, மார்ச் மாதத்தில் அரசே பின்வாங்கி மறுபடியும் காகிதப் படிவத்தைக் கையில் கொடுத்தது. இணையமே ஒழுங்காக எட்டாத பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு, கல்சுவர்களும் ஓடைகளும் பாறைத்திட்டுகளும் நிறைந்த மலைச்சரிவைத் திரையில் வரைய முயன்ற ஒருவரை நினைத்துப் பார்த்தால், எம்.பி.யின் அலுவலகத் தொலைபேசி ஏன் ஓயாமல் ஒலித்தது என்பது விளங்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு வந்த 2020ஆம் ஆண்டு வேளாண் சட்டம் இந்த நிலமளந்த மானியத்தையே ஒழிக்கத் தீர்மானித்தது. 2021 முதல் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 2027இல் முடித்துவிடுவது; அந்தப் பணத்தைக் கொண்டு, மண்ணையும் நீரையும் வேலியோரப் புதர்களையும் பேணுகிறவர்களுக்குக் கூலி தருவது. பொதுப்பணம் பொதுநன்மைக்கு என்ற இந்தக் கொள்கையைக் கொள்கை அளவில் எதிர்த்தவர்கள் குறைவு, ஃபாரனும் எதிர்க்கவில்லை. அவர் ஓயாமல் சுட்டிக்காட்டியது இரண்டு படகுகளுக்கு இடையே இருக்கும் இடைவெளியை. பழைய மானியம் குறைவது நாள் குறித்து நடந்தது. புதிய திட்டங்கள் திறப்பதோ இழுத்துக்கொண்டே போனது. அதிலும் மலைப் பண்ணைக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. பொது மேய்ச்சல் நிலத்துக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால், அங்கே மேய்ச்சல் உரிமை உள்ளவர்கள் ஒன்றுகூடி ஒரே குழுவாக வர வேண்டும். பத்துப் பேரில் ஒருவர் முரண்டு பிடித்தாலும் வேலை நின்றுபோகும். குத்தகைக்காரருக்கோ, நிலவுடைமையாளர் மரம் நட விரும்பினால் மேய்ச்சலே கைவிட்டுப் போகும் அச்சம். ஆட்டு விற்பனையில் வரும் பணம் செலவுக்கே சரியாகப் போய்விடும் இந்த மலைகளில், மானியம் என்பது லாபத்தின் மேல் வரும் கூடுதல் அன்று. பல வீடுகளில் அதுவே ஆண்டு வருமானம்.

2024 இறுதியில் புதிய லேபர் அரசு இந்தக் குறைப்பை வேகப்படுத்தியது. 2025ஆம் ஆண்டுக்கு, பழைய மானியத்தின் முதல் 30,000 பவுண்டில் 76 விழுக்காடு வெட்டு. அதற்கு மேற்பட்டதற்கு ஒன்றுமே இல்லை. கணக்குப் போட்டால், எவ்வளவு பெரிய பண்ணையாக இருந்தாலும் அந்த ஆண்டு கிடைக்கக்கூடிய உச்ச வரம்பு 7,200 பவுண்டு. ஆக, புதிய திட்டத்தில் சேருவதுதான் வழி என்று பலரும் படிவங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். 2025 மார்ச் 11 அன்று மாலையில், நீடித்த வேளாண்மை ஊக்கத் திட்டத்துக்கு இனி புதிய விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா, நிதி முழுவதும் ஒதுக்கப்பட்டுவிட்டது என்ற அறிவிப்பு வந்தது. மூடுவதற்கு முன் அவகாசம் கொடுக்கப்படும் என்று நம்பியிருந்தவர்களுக்கு ஒரு நாள் கூடக் கிடைக்கவில்லை. பாதி நிரப்பிய படிவம் திரையிலேயே உறைந்து நின்றது.

இந்த இடத்தில் ஒரு எம்.பி. என்ன செய்ய முடியும்? திட்டத்தை மீண்டும் திறக்க அவரால் உத்தரவிட முடியாது. அடுத்த சில நாள்களில் கிராமப்புற உறுப்பினர்கள் செய்தது, பாதிக்கப்பட்டவர்களை வகை பிரித்து அமைச்சரிடம் நீட்டியதுதான். விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டு முடிக்காதவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குத் திரையில் என்ன செய்தி காட்டப்பட்டது, பொதுநிலக் குழுவின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தவர்கள் யார், பழைய சுற்றுச்சூழல் ஒப்பந்தத்தில் சிக்கிக்கொண்டு இதற்கு வரமுடியாமல் நின்றவர்கள் யார் என்றெல்லாம் கேள்விகள் போயின. விவசாயிகள் தரப்பில் சட்ட நடவடிக்கைக்கும் ஏற்பாடானது. மே மாதத்தில், மூடுவதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் விண்ணப்பத்தைத் தொடங்கி நிறுத்தியிருந்தவர்களுக்கு மட்டும் கதவைக் கொஞ்சம் திறக்க அரசு ஒப்புக்கொண்டது. எல்லோருக்குமான அநீதி என்று பேசியவர்களுக்கு அரசு இணங்கவில்லை. இன்ன தவறு இன்னாருக்கு நேர்ந்தது என்று துல்லியமாகக் காட்டியவர்களுக்கே இணங்கியது. கிராமப்புற எம்.பி.யின் கைத்திறன் இந்த வகைபிரித்தலில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

கேட்பதற்கு அவையில் பல கருவிகள் உண்டு. எழுத்துப்பூர்வக் கேள்வி எல்லாவற்றிலும் சாதாரணமானது; ஆனால் அதற்கான பதில் பதிவாகிவிடுகிறது, பிற்பாடு யாரும் மறுக்க முடியாது. வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் விவாதம் என்ற இணை அமர்வு 1999 முதல் நடக்கிறது. அங்கே வாக்கெடுப்பு இல்லை, ஆனால் அமைச்சர் வந்து பதில் சொல்லியாக வேண்டும். நான் மிகவும் விரும்பிப் பார்ப்பது அன்றைய அவை முடியும் நேரத்தில் நடக்கும் அரைமணி நேர ஒத்திவைப்பு விவாதத்தை. பெரும்பாலோர் வெளியேறிப் பச்சைத் தோல் இருக்கைகள் காலியாகிவிட்ட பிறகு, ஒரு எம்.பி. எழுந்து தன் தொகுதியின் ஒரு பாலத்தைப் பற்றியோ ஒரு மருந்தகத்தைப் பற்றியோ பேசுவார். எதிரே ஒரு இளநிலை அமைச்சர் துறை எழுதிக்கொடுத்த பதிலை வாசிப்பார். அவை நாளின் மற்ற எல்லாக் கூச்சலையும்விட அந்த அரைமணியில் நாட்டின் உண்மை நிலை அதிகமாகத் தெரியும். சபாநாயகரின் இருக்கைக்குப் பின்னால் ஒரு துணிப்பை தொங்குகிறது. மக்களின் மனுவை எம்.பி. அதில் போடலாம். பழங்கால வழக்கம் என்று சிரிக்கலாம், ஆனால் அதற்கும் அரசு பதில் எழுதுவதே எதிர்பார்க்கப்படுகிறது.

அமைச்சராகிவிட்டால் இந்தக் கருவிகள் கையைவிட்டுப் போய்விடும் என்பது பலரும் கவனிக்காத ஒன்று. 2015 டிசம்பர் தொடக்கத்தில் டெஸ்மண்ட் புயல் வந்தபோது, ஏரி மாவட்டத்தின் ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் மழை பதிவாகி பிரிட்டனின் சாதனையாயிற்று. கென்டலில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கிராஸ்மியருக்கும் கெஸ்விக்குக்கும் இடையே நெடுஞ்சாலை அடித்துச் செல்லப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் கட்டிய பூலி பிரிட்ஜ் பாலம் ஆற்றோடு போனது. அந்தப் பாலம் இருந்த பக்கத்துத் தொகுதியின் எம்.பி. ரோரி ஸ்டூவர்ட், வெள்ளத் தடுப்புக்குப் பொறுப்பான இளநிலை அமைச்சரும் அவரே. தன் ஊர் வெள்ளத்தில் நிற்கும்போது அரசின் சார்பில் பதில் சொல்லும் இடத்தில் அவர் இருந்தார். கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தவர் ஃபாரன்.

எப்போதாவது ஒரு சிறு குறை சட்டமாகவும் ஆகிறது. மலைப் பண்ணையில் குவாட் பைக் என்ற நான்கு சக்கர மோட்டார் வண்டி இல்லாமல் வேலை ஓடாது. பின்னால் நாயையும் தீவனத்தையும் ஏற்றிக்கொண்டு சரிவில் ஏறுவதற்கு வேறு வண்டி கிடையாது. அதனாலேயே அது கள்வர்களுக்கும் பிடித்த பொருள். ஒரே சாவி பல வண்டிகளுக்குப் பொருந்தும் வடிவமைப்பு வேறு. பக்கிங்ஹாம் தொகுதியின் கன்சர்வேட்டிவ் எம்.பி. கிரெக் ஸ்மித் கொண்டுவந்த தனி உறுப்பினர் மசோதா 2023 ஜூலையில் உபகரணத் திருட்டுத் தடுப்புச் சட்டமாயிற்று: புதிதாக விற்கும் இத்தகைய வண்டிகளில் சாவி இல்லாமல் கிளம்பாதபடி தடுக்கும் கருவியும், அடையாளம் காணும் குறியும் இருக்க வேண்டும் என்று விதிக்க அது அமைச்சருக்கு அதிகாரம் தந்தது. அதிகாரம் தந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். விதியை எழுதியாக வேண்டியது துறை. சட்டம் வந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் விதிகள் நடைமுறைக்கு வராமல் இழுத்தன. அவையில் ஒருமித்த ஆதரவோடு நிறைவேறிய ஒன்றுக்கே இந்தக் கதி.

நாய்கள் ஆட்டைத் துரத்தும் பிரச்சினையும் இதே வகை. 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு உச்ச அபராதம் 1,000 பவுண்டாக இருந்தது; சினையாடு விரட்டப்பட்டுக் கருக்கலைந்தால் ஏற்படும் இழப்புக்கு அது ஈடாகவில்லை. அதைத் திருத்த முயன்ற ஒரு மசோதா 2024 தேர்தல் அறிவிப்போடு காலாவதியானது. அடுத்த அவையில் செஷர் பகுதியின் எம்.பி. ஆஃப்ரா பிராண்ட்ரெத் அதைப் புதிதாக எடுத்து, 2025இல் சட்டமாக்கினார். அபராத வரம்பு நீங்கியது, சாலையில் ஓட்டிச்செல்லும் மந்தைக்கும் பாதுகாப்பு நீண்டது, அல்பாக்காவும் லாமாவும் பட்டியலில் சேர்ந்தன. கட்சி அரசியலுக்கு இதில் வேலை இல்லாததால்தான் இது நடந்தது என்றும் சொல்லலாம்.

கட்சி நுழைந்துவிட்டால் நிலைமை வேறு. ஆஸ்திரேலியாவோடு 2021 டிசம்பரில் கையெழுத்தான வணிக ஒப்பந்தம் அந்நாட்டு ஆட்டிறைச்சிக்குக் கதவைப் படிப்படியாகத் திறந்துவிட்டபோது, மலைத் தொகுதி எம்.பி.க்கள் கூக்குரலிட்டார்கள், ஆனால் அந்த ஒப்பந்தத்தின் மீது காமன்ஸ் சபையில் நேரடி வாக்கெடுப்பே நடக்கவில்லை. கையெழுத்தான காலத்தில் வேளாண் அமைச்சராக இருந்த ஜார்ஜ் யூஸ்டிஸ், பதவியிலிருந்து நீங்கி சாதாரண உறுப்பினரான பின்பு, 2022 நவம்பரில் அது பிரிட்டனுக்கு அப்படியொன்றும் நல்ல ஒப்பந்தம் அல்ல என்று அவையிலேயே சொன்னார். அமைச்சராக இருந்தபோது சொல்ல முடியாததைச் சொல்வதற்குப் பின்வரிசை தேவைப்பட்டிருக்கிறது.

2024 அக்டோபர் 30 அன்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் தாக்கல் செய்த பட்ஜெட் இன்னும் பெரிய சோதனை. அதுவரை விவசாய நிலம் வாரிசுக்குப் போகும்போது வாரிசு வரியிலிருந்து முழு விலக்கு இருந்தது. 2026 ஏப்ரல் முதல் பத்து லட்சம் பவுண்டு வரைக்கும்தான் முழு விலக்கு, அதற்கு மேல் பாதி விலக்கு என்று அவர் அறிவித்தார். அதாவது மிகுதி மதிப்பில் 20 விழுக்காடு வரி. நிலத்தின் விலை ஏறிக்கிடப்பதும் அதில் வரும் வருமானம் சொற்பமாக இருப்பதும் பிரிட்டிஷ் விவசாயத்தின் நிலையான முரண். காகிதத்தில் கோடீஸ்வரராக இருப்பவர் கையில் ரொக்கம் இல்லாமல், தந்தையின் சாவுக்கு வரி கட்ட வயலை விற்க நேரிடும் என்பது அவர்களது அச்சம். வரியிலிருந்து தப்பிப்பதற்கென்றே பெரும் பணக்காரர்கள் நிலம் வாங்கிக் குவிக்கிறார்கள், அதனால்தான் விலையே ஏறுகிறது என்பது அரசின் வாதம். அதிலும் உண்மை இருக்கிறது. நவம்பர் 19 அன்று வெஸ்ட்மின்ஸ்டரின் தெருக்களில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் திரண்டார்கள். பொம்மை டிராக்டர்களை மிதித்துக்கொண்டு குழந்தைகளும் ஊர்வலத்தில் வந்தார்கள்.

ஃபாரன் போன்ற எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இதை எதிர்த்துப் பேசியதில் வியப்பில்லை. அதனால் அரசு அசையவும் இல்லை. 2017 தேர்தலில் 777 வாக்கு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்த அவர், 2024இல் 21,472 வாக்கு வித்தியாசத்தில் வென்றவர். தொகுதியில் அவருக்கு அசைக்க முடியாத இடம் உண்டு, அவையின் எண்ணிக்கையில் இடம் இல்லை. அந்த 2024 தேர்தலில் லேபர் கட்சியும் தனக்குப் பழக்கமில்லாத கிராமத் தொகுதிகளை அள்ளியிருந்தது. அதில் ஒன்று ஃபாரனின் வடக்கு எல்லையை ஒட்டிய பென்ரித் அண்ட் சால்வே. அங்கே வென்றவர் மார்கஸ் கேம்ப்பெல்-சேவர்ஸ். தேர்தலுக்கு முன் விவசாயிகளிடம் இந்த வரிவிலக்கில் கைவைக்கமாட்டோம் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டதாகக் கூறி, 2025 டிசம்பர் 2 அன்று நடந்த வாக்கெடுப்பில் தன் சொந்த அரசுக்கு எதிராக அவர் வாக்களித்தார். கிராமத் தொகுதிகளைச் சேர்ந்த லேபர் உறுப்பினர்கள் பலர் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள்; எதிர்த்து வாக்களித்த லேபர் உறுப்பினர் அவர் ஒருவரே. உடனே கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார்.

மூன்று வாரம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, அவை கூடாத நேரத்தில், வரிவிலக்கின் வரம்பைப் பத்து லட்சத்திலிருந்து 25 லட்சம் பவுண்டாக உயர்த்துவதாக அரசு ஒரு அறிக்கையில் தெரிவித்தது. கணவன் மனைவி இருவரின் பங்கையும் சேர்த்தால் 50 லட்சம் வரை. கம்ப்ரியாவின் மலைச்சரிவில் இருக்கும் சாதாரண ஆட்டுப்பண்ணைகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் வரிக்கு வெளியே வந்துவிடும்.